பைக் பயணப் பைகளைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலிருந்து பைக்கில் நெடுந்தூரம் போய்வரத் தொடங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகக் கிளம்புகிறவர்கள் என்னிடம் டயரையும் ஆயிலையும் பற்றிக் கேட்பார்கள். ஒரு பயணம் முடித்துத் திரும்பியவர்கள் பையைப் பற்றிக் கேட்பார்கள். வண்டிக்குச் சாவி இருக்கிறது, சக்கரத்துக்குப் பூட்டு இருக்கிறது. பின்சீட்டில் கட்டிய பை மட்டும் போகிறவர் வருகிறவர் கைக்கு எட்டும் உயரத்தில், சில கிளிப்புகளை நம்பி உட்கார்ந்திருக்கிறது. அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

எந்த வகைப் பை எளிதில் திருடு போகும்?

அதைக் கழற்ற உங்களுக்கு எத்தனை நொடி ஆகிறதோ, திருடுகிறவனுக்கும் அத்தனை நொடிதான் ஆகும். பெட்ரோல் டேங்கின் மேல் காந்தத்தால் ஒட்டும் டேங்க் பேக்கைக் கையால் தூக்கினால் வந்துவிடும். பின்சீட்டில் கட்டும் டெயில் பேக்குக்கு நான்கு கிளிப். இருபக்கமும் தொங்கும் சேடில் பேக்கின் பட்டைகள் சீட்டுக்கு அடியில் போயிருந்தால் சீட்டைத் திறக்க வேண்டும், அல்லது கத்தி வேண்டும். பூட்டுள்ள பெட்டிக்குக் கருவியும் நேரமும் வேண்டும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் கட்டிய பைதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. அந்தக் கயிறு பாதுகாப்புக்கானது அல்ல. ஓடும்போது பை ஆடாமல் இருப்பதற்கு மட்டுமே உதவும்.

ஜிப்பில் ஒரு சிறு பூட்டுப் போட்டால் போதாதா?

போடுங்கள். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். பெரும்பாலான பயணப் பைகளில் இருப்பது நைலான் சுருள் ஜிப். ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையைப் பல்வரிசைக்கு நடுவில் குத்தினால் அது பிளந்துவிடும். உள்ளே கைவிட்டு வேண்டியதை எடுத்தபின், ஜிப்பை இழுக்கும் ரன்னர்கள் இரண்டையும் பூட்டியபடியே சேர்த்து ஒரு முறை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டினால் பிளவு மூடிக்கொள்ளும். பூட்டும் பூட்டியபடியே இருக்கும். பணம் போனது இரவு அறைக்குப் போய்ப் பையைத் திறக்கும்போதுதான் தெரியவரும்.

இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. இரண்டு ரன்னர்களையும் ஒன்றோடொன்று பூட்டுவதோடு நிறுத்தாமல், பையின் உடலில் தைத்திருக்கும் வளையம் ஒன்றோடும் சேர்த்துப் பூட்டுங்கள். ரன்னர் நகர முடியாவிட்டால் பிளந்த ஜிப்பை மூட முடியாது. பார்த்த உடனே உங்களுக்குத் தெரிந்துவிடும். திருடுகிறவனுக்கும் அது தெரியும்.

பூட்டைப் பெரிதாக்குவதால் பயனில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டின் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கதவுக்குச் செய்த பூட்டைத் துணிப்பையில் தொங்கவிட்டால் பூட்டுத் தப்பிக்கும், துணி கிழியும். பையின் பலம் எவ்வளவோ அவ்வளவு பூட்டுப் போதும்.

கேபிள் பூட்டை எப்படி மாட்டுவது?

இந்த ஒரு பதிலையாவது முழுவதும் படியுங்கள். நல்ல கேபிள் வாங்கியும் தவறாக மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பையின் கைப்பிடிக்குள் மட்டும் கேபிளை விடுவதுதான் வழக்கமான தவறு. கைப்பிடி நூலால் தைத்தது. பிளேடால் நூலை அறுத்தால் கேபிளும் பூட்டும் உங்களிடம் இருக்கும், பை போய்விடும். பையை ஒரு சுற்றுச் சுற்றி, பட்டைகளுக்கு உட்புறமாக, கைப்பிடி வழியாகவும் ஓட்டி இழுத்துப் பூட்டுங்கள். பை குறுக்குவாட்டில் நழுவி வெளியே வராதபடி கேபிள் இறுக்கமாக இருக்க வேண்டும். வாயைச் சுருட்டி மூடும் மழைப்பையாக இருந்தால், சுருட்டியபின் இரு நுனிகளும் சேரும் வளைவுக்குள் கேபிளைச் செலுத்துங்கள்; அப்போது வாயையும் திறக்க முடியாது.

மறுமுனை எதில் மாட்டப்படுகிறது என்பது அதைவிட முக்கியம். நம்பர் பிளேட் தாங்கியிலோ பிளாஸ்டிக் மட்கார்டிலோ மாட்டாதீர்கள். பின்சீட்டின் இரும்புக் கைப்பிடி, சேடில் பேக்கைத் தாங்கும் கம்பியான சேடில் ஸ்டே, கேரியர், சீட்டுக்கு அடியில் ஓடும் ஃபிரேம் குழாய் ஆகியவைதான் சரியான இடங்கள். நான் செய்துகொண்டது இது: இரு முனையிலும் வளையமாகக் கண் வைத்த, பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பிக் கயிறு ஒன்றை ஃபிரேம் குழாயைச் சுற்றி எடுத்து, இரண்டு கண்களையும் சீட்டின் இருபுறமும் வெளியே நீட்டிவைத்திருக்கிறேன். சீட்டைப் பூட்டினால் அதை எடுக்க முடியாது. எந்தப் பை கட்டினாலும் அந்தக் கண்ணில் ஒரு சிறு பூட்டுப் போட்டால் போதும். ஹார்டுவேர் கடையில் அளவு சொன்னால் வெட்டி, முனையைக் கிளாம்ப் போட்டுத் தருவார்கள். பழைய கிளட்ச் ஒயரை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அது மிக மெல்லியது, கட்டிங் பிளேயரிலேயே வெட்டுப்படும்.

விரல் பருமன் கேபிளானாலும் போல்ட் கட்டருக்கு நிற்காது. ஆனால் போல்ட் கட்டரோடு அலைகிறவன் வண்டியைத் தேடி வருகிறவன். பையைத் தூக்குகிறவன் வழியில் போகும்போது கண்ணில் பட்டதால் நிற்கிறவன். அவனை அரை நிமிடம் தடுமாற வைத்தாலே பெரும்பாலும் நகர்ந்துவிடுவான்.

பையின் மேல் போர்த்தும் எஃகுக் கம்பி வலை பயனுள்ளதா?

கத்தியை நிறுத்துவதற்கு அதுபோல வேறொன்றில்லை. பை முழுவதும் வலைக்குள் போய்விடுவதால் அறுத்துப் பொருளை எடுக்க முடியாது. எடை கூடும், விலையும் அதிகம், தினம் மாட்டிக் கழற்றப் பொறுமை வேண்டும். பல வாரப் பயணம் போகிறவர்களுக்குச் சொல்வேன். வார இறுதியில் ஏற்காடு போய்வர அது தேவையில்லை.

அலுமினியப் பெட்டி வாங்கிவிட்டால் கவலை இல்லைதானே?

குறையும், ஆனால் முழுவதும் போகாது. பெட்டியில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது சாவி. பின்னால் கேரியரில் பொருத்தும் டாப் பாக்ஸ்களில் விலை குறைந்தவற்றில் ஒரு பெட்டியின் சாவி இன்னொன்றைத் திறந்துவிடுவதுண்டு. கடையிலேயே அதே மாதிரி மூன்று நான்கு பெட்டிகளில் சாவியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடைக்குப் போங்கள்.

இரண்டாவது, பெட்டி உட்காரும் தட்டு. பெட்டியைப் பூட்டியிருந்தாலும் தட்டைக் கேரியரோடு பிணைக்கும் நட்டுகள் அடியில் திறந்தே இருக்கும். ஒரு ஸ்பேனர் போதும், தட்டோடு பெட்டி வந்துவிடும். உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் போடுங்கள். ஸ்பேனரால் தளர்த்தினாலும் கையால் சுற்றிக் கழற்ற முடியாது. ஆலன் கீ போல்ட்டாக இருந்தால், அதன் குழிக்குச் சற்றே சிறிய பேரிங் குண்டு ஒன்றைப் பசை தடவி உள்ளே அழுத்திவிடுங்கள். கீ நுழையாது. தேவைப்படும்போது நீங்கள் சூடாக்கியோ ஊசியால் நெம்பியோ எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பக்கப் பெட்டிகளைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுகள். மேடு பள்ளச் சாலையில் அவை தாமாகவே தளரும். தினமும் காலையில் கையால் ஆட்டிப் பாருங்கள்.

டேங்க் பேக்கைப் பூட்ட வழி உண்டா?

இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பூட்டுவதற்கு முயலாமல், கையில் எடுத்துப்போகும் பையாகவே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திச் சாவியை எடுக்கும் அதே கை டேங்க் பேக்கையும் எடுக்க வேண்டும். போன், பணம், கேமரா, மருந்து எல்லாம் அதில் இருந்தால் மற்றப் பைகளைப் பற்றிய பதற்றம் பாதியாகக் குறைந்துவிடும்.

இரவில் லாட்ஜில் பையை வண்டியிலேயே விடலாமா?

விடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் முதல் சில ஆண்டுகளில், மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றில், மழையில் நனைந்து இரவு பதினொரு மணிக்கு ஒரு லாட்ஜை அடைந்தேன். அறை மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. காவலாளி இருக்கிறார், பயப்படாதீர்கள் என்று சொன்னார்கள். சேடில் பேக்கை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறினேன். டெயில் பேக்குக்கு இன்னொரு தடவை இறங்கி ஏறக் கால் வரவில்லை. காலையில் அது இல்லை. ரப்பர் கயிறுகள் இரண்டும் அறுபடாமல் தரையில் கிடந்தன. உள்ளே இருந்தது மழைக்கோட்டு, இரண்டு சட்டை, ஒரு நோட்டுப்புத்தகம். அதுவரை போன பயணங்களில் எந்த ஊரில் என்ன சாப்பிட்டேன், எந்த மெக்கானிக் நள்ளிரவில் எழுந்து வந்து உதவினார், எந்தச் சாலை எப்படி இருந்தது என்று அதில் எழுதிவைத்திருந்தேன். எடுத்தவனுக்கு அது பழைய பேப்பர் விலைக்குக்கூடப் பெறாது.

அன்று காவலாளி மேலும் ஊரின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்ததில், நான் இரண்டு நடை நடக்க வேண்டிய அளவுக்குப் பொருளைப் பிரித்துக் கட்டியிருந்ததுதான் காரணம் என்று புரிந்தது. அதிலிருந்து ஒரே விதி வைத்திருக்கிறேன்: எல்லாப் பையையும் ஒரே நடையில் அறைக்குக் கொண்டுபோக முடிய வேண்டும். முடியாவிட்டால் பொருள் அதிகம். வீட்டிலேயே மாடிப்படி ஏறிச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். கழற்றி மாட்டும் பை என்று காசு கொடுத்து வாங்குவது கழற்றத்தானே?

எடுத்துப்போக முடியாத பெட்டி இருந்தால், அதற்குள் கருவி, டியூப், செயினுக்குப் போடும் எண்ணெய், மழைக்கோட்டு மட்டும் இருக்கட்டும். வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, முழு வண்டிக்கும் பழைய சாயம்போன உறை ஒன்றைப் போட்டு, உறையின் ஓட்டை வழியாகச் சக்கரப் பூட்டை மாட்டுங்கள். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத வண்டியில் கைவைக்க எவரும் தயங்குவார்கள்.

லாட்ஜ் ஊழியர் சாவியை வாங்கி வண்டியை நிறுத்துவதாக இருந்தால் ரசீது கேளுங்கள். அப்படி ஒப்படைத்த கார் திருடு போன வழக்கில், ‘வண்டி உரிமையாளரே பொறுப்பு’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டி விடுதி தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அது வண்டியைப் பற்றிய தீர்ப்பு, பையைப் பற்றியது அல்ல.

டீக்கடையில் நிறுத்தும்போது?

கண்ணில் படும்படி நிறுத்திவிட்டு, வண்டியைப் பார்த்தபடி உட்காருங்கள். விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பெரிய உணவகங்களில் பஸ்கள் வந்து நிற்கும் கூட்ட நேரத்தைத் தவிர்த்து, நாலு பெஞ்சு போட்ட சிறு கடைக்குப் போங்கள். டீ நன்றாக இருக்கும், வண்டி பத்தடி தூரத்தில் நிற்கும்.

நகரச் சிக்னலில் நிற்கும்போது டெயில் பேக் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். ஜிப் முடியும் இடம் முதுகைப் பார்த்தபடி இருக்குமாறு பையைக் கட்டினால், திறக்க முயன்றாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தனியாகப் போகிறேன். கோயிலுக்கோ அருவிக்கோ போனால் பையை என்ன செய்வது?

தனிப் பயணிக்கு உண்மையான சிக்கல் இதுதான். ராமேசுவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கினி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடையோடு சுற்றிவர வேண்டும். பையும் கூட வர முடியாது, போனும் கூட வர முடியாது. தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கோயில் வாசல் காப்பகத்தில் டோக்கன் கொடுத்துப் போனை வாங்கிவைப்பார்கள். இரண்டு சேடில் பேக்கையும் ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் அங்கே நீட்ட முடியாது.

இப்படிப்பட்ட ஊரில் அரை நாளைக்காவது ஓர் அறை எடுத்துவிடுவதே என் வழக்கம். சில நூறு ரூபாய் அதிகம்தான். ஆனால் தீர்த்தத்துக்குத் தீர்த்தம் ஓடும்போது மனம் வண்டி நிறுத்துமிடத்திலேயே கிடந்தால், அவ்வளவு தூரம் போனதற்கு என்ன அர்த்தம்? குற்றாலத்தில் சாரல் பருவத்துக் கூட்டத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் போகும்போதும் இதையே செய்கிறேன்.

அறை எடுக்க வழியில்லாவிட்டால், சாப்பிட்ட கடைக்காரரிடம் கேளுங்கள். முதலில் சாப்பிட்டு, நாலு வார்த்தை பேசி, பிறகு கேளுங்கள். கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்கள் எனக்குப் பலர் உண்டு. வைக்கும் பையில் பணமோ அடையாள அட்டையோ இருக்கக் கூடாது. அது உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் நல்லது. ரயில் நிலையப் பொருள் காப்பறையில் செல்லுபடியாகும் ரயில் டிக்கெட்டும், பூட்டிய பையும் கேட்பார்கள். டிக்கெட் இல்லாத பைக் பயணி அதை நம்பிப் போக வேண்டாம்.

குரங்குகள் பையைத் திறக்குமா?

திறக்கும். ஜிப்பும் திறக்கும், மழை உறையையும் உருவும். மலைச் சாலைகளின் காட்சி முனைகளிலும் கோயில் அடிவாரங்களிலும் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து வண்டியை நிறுத்திய ஐந்து நிமிடத்தில் என் நண்பரின் பையிலிருந்து வாழைப்பழச் சீப்போடு ரேஷன் கார்டு நகல்களும் மரத்துக்குப் போய்விட்டன. மலையில் உணவுப் பொருளை வெளிப்பையில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையின் சலசலப்பே அவற்றை வரவழைக்கும். ரன்னரை வளையத்தோடு பூட்டுவது இங்கும் உதவும்.

ஹெல்மெட், ஜாக்கெட்?

ஹெல்மெட்டைத் தாடைப் பட்டையில் பூட்டினால் பட்டையை அறுத்து எடுத்துப்போவார்கள். முழுமுக ஹெல்மெட்டின் முகத் திறப்பு வழியாகக் கேபிளை விட்டுத் தாடைப் பகுதியைச் சுற்றிப் பூட்டுங்கள். அதே கேபிள் ஜாக்கெட்டின் ஒரு கைக்குள் நுழைந்து கழுத்து வழியாக வெளியே வரட்டும்.

பையில் டிராக்கர் போட்டால் கண்டுபிடித்துவிடலாமா?

சிறிய புளூடூத் டிராக்கர்கள் தாமாக இருப்பிடத்தைச் சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் பிறருடைய போன்கள் வழியாகவே சொல்கின்றன. ஊருக்குள் நன்றாக வேலை செய்யும். ஆள் நடமாட்டமில்லாத மலையில் மௌனமாகிவிடும். போடுவதானால் வெளிப்பையில் போடாமல், அடித்தட்டின் துணிக்கு உள்ளே வைத்துத் தையுங்கள். அது காட்டும் வீட்டுக்கு நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். போலீசாரோடு போங்கள். ஒரு பைக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

வண்டிக் காப்பீட்டில் பைக்கு இழப்பீடு கிடைக்குமா?

வழக்கமான இருசக்கர வாகன முழுக் காப்பீட்டில் கிடைக்காது. வண்டியோடு சேர்ந்து திருடு போனாலன்றி, துணைப்பொருள்கள் மட்டும் திருடு போனால் நிறுவனம் பொறுப்பல்ல என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். அதாவது, தனியாக விலை சொல்லிச் சேர்த்த பெட்டியே ஆனாலும் பெட்டி மட்டும் போனால் ஒன்றும் வராது. உள்ளே வைத்திருந்த துணி, கேமரா ஆகியவை அந்தப் பாலிசியில் வருவதே இல்லை. தனியாகப் பயணக் காப்பீடு எடுத்தால் ‘கவனிப்பாரின்றி விட்டுச் சென்ற பொருள்’ பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வண்டி ஆவணங்களை எந்தப் பையில் வைப்பது?

எந்தப் பையிலும் வேண்டாம். அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள ஓட்டுநர் உரிமமும் பதிவுச் சான்றும் சட்டப்படி செல்லும். அசல் ஏதாவது கட்டாயம் தேவைப்பட்டால் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும்.

பை திருடு போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

அக்கம்பக்கத்துச் சாக்கடை ஓரம், புதர், குப்பைத்தொட்டி எல்லாம் பாருங்கள். பணத்தை எடுத்துக்கொண்டு பையை வீசிவிட்டுப் போவது உண்டு. எதிர்க்கடையில் கேமரா இருந்தால், பதிவை அழியாமல் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே போன் இருந்தால் சிம்மை முடக்கி, புகார் கொடுத்தபின் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், போனுக்குரிய தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைத் தடைசெய்யுங்கள். அந்த எண்ணை வீட்டிலேயே எழுதிவைத்திருக்க வேண்டும். *#06# அழுத்தினால் திரையில் வரும். வங்கி அட்டை இருந்தால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

பிறகு காவல் நிலையம். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 303-ஆம் பிரிவு திருட்டுக்கானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு முறையில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். வெளிமாநிலத்தில் பறிகொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓட்டிவந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

புகாரில் ‘காணாமல் போனது’ என்று எழுதச் சொன்னால் மறுத்து, ‘திருடப்பட்டது’ என்றே எழுதுங்கள். பையின் நிறம், அளவு, உள்ளே இருந்தவற்றின் பட்டியல் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு காலையும் பையை மூடும் முன் உள்ளே இருப்பவற்றை ஒரு படம் எடுத்துவைத்தால் அந்தப் பட்டியல் தயாராக இருக்கும்.

அப்படி நடந்தபின் பயணத்தைத் தொடர்வதா, திரும்பிவிடுவதா?

அன்று காலை நான் திரும்பிவிடத்தான் நினைத்தேன். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. கடைத்தெருவில் ஒரு தார்ப்பாயும் பத்தடி நைலான் கயிறும் வாங்கி, மீதிப் பொருளை மூட்டையாகக் கட்டிக்கொண்டேன். பக்கத்திலிருந்த பள்ளிக்கூடக் கடையில் சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு ஒன்று ஆறு ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் முதல் பக்கத்தில், நினைவிலிருந்த மெக்கானிக்குகளின் ஊர்களை ஒவ்வொன்றாக எழுதிவிட்டுத் தெற்கே ஓட்டினேன்.